முப்பத்தாறாம் பக்கம்

உங்கள் ரைட்டருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். இந்தக் காலத்தில் ஸ்டேஷனில் இப்படி எழுதுகிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவில் இவ்வளவு இடம் விடாதே, தம்பி. பின்னால் வருகிறவன் எதையாவது நுழைத்துவிடுவான். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

பெயர் இராமச்சந்திரன். தகப்பனார் சுப்பிரமணியப் பிள்ளை. வயது ஐம்பத்தெட்டு. ஊர் வெண்ணாங்கரணை, பிள்ளைப்பாக்கம் தாண்டி உள்ளே வர வேண்டும். மூன்று தலைமுறையாக அந்த ஊருக்கு நாங்கள்தான் கர்ணம். ஜனங்கள் கணக்கப்பிள்ளை என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில், பரம்பரைக் கிராம அதிகாரிகள் இனி வேண்டாம் என்று அரசாங்கம் ஒரே நாளில் எங்களை வீட்டுக்கு அனுப்பியது. நான் அழவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. இருந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்தேன். நூற்றுப் பதினாலு உருப்படி. ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கு வாங்கிய ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

இங்கே கிளம்பும்போது என் மகன் தமிழ்வாணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "அப்பா, வக்கீல் சொன்னதையே சொல்லிடுங்க. கண்ணு சரியாத் தெரியல, தாள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சி, ரூம்ல ஆள் இருக்கறது தெரியல. அவ்ளோதான். வயசானவருன்னு விட்டுடுவாங்க" என்றான். பாவம், அவனுக்கு என்மேல் பிரியம். ஆனால் எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. போன வருஷம்தான் புரை எடுத்தார்கள். இதோ, உங்கள் தலைக்குப் பின்னால் தொங்குகிற காலண்டரில் ராகு காலம் எத்தனை மணிக்கு என்று இங்கிருந்தே படித்துச் சொல்வேன். பேப்பரில் என்னைப் பற்றி ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். அது பொறுக்காமல்தான் நானாக வந்தேன். அந்தச் சொல் என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் புத்தகம். வெள்ளைக்காரன் காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்து யூனியன் என்று ஒன்று வைத்தார்கள். ரோடு போட, குளம் தூர் எடுக்க, விளக்கு ஏற்ற என்று சொல்லி வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். எங்கள் ஊருக்கான வீட்டு வரிப் புத்தகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷத்தது. என் தாத்தா கையால் எழுதியது. வீட்டுக்காரன் பெயர், அவன் தகப்பன் பெயர், ஓடா ஓலையா, நாலு பக்கமும் எல்லை எது, வரி எவ்வளவு. எண் எல்லாம் பழைய தமிழ் எண். பக்க எண்கூட அப்படித்தான். அணாவுக்கு ஒரு குறி, அரைக்கு ஒரு குறி, காலுக்கு ஒரு குறி. இப்போது இருக்கிற வி.ஏ.ஓ.வுக்கு அதைப் பார்த்தால் கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

வழக்கமாக ஓலைக் குடிசைகளுக்கு வரி கிடையாது, கணக்கிலேயே விட்டுவிடுவார்கள். என் தாத்தா விடவில்லை. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவு வசூல் காட்டியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஓட்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். சேரியில் போய் அதட்டினால் கொடுத்துவிடுவார்கள். அதனால் சேரி வீடுகள் பத்தொன்பதையும் முப்பத்தாறாம் பக்கத்திலும் முப்பத்தேழாம் பக்கத்திலும் எழுதினார். வீட்டுக்கு இரண்டணா. கொடுக்காதவன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்களாம். என் அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இந்த வருஷம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வந்தார்கள். உங்களுக்குத் தெரியும், ஒரகடம் பக்கம் இப்போது ஏரிக்கரையைத் தவிர மிச்சமெல்லாம் கம்பெனி. அந்தச் சேரி இன்று காலனி, நாற்பத்தொரு வீடு. பிற்காலத்துக் கணக்கில் அந்த இடம் மேய்ச்சல் புறம்போக்கு என்று இருக்கிறது. புறம்போக்கு என்றால் ஆக்கிரமிப்பு, ஜே.சி.பி. வந்து தள்ளிவிட்டுப் போகும், ஒரு பைசா கிடையாது. ஆனால் பரம்பரையாக வீடு இருந்த இடம் என்று காட்டிவிட்டால் அது நத்தம். நத்தம் என்றால் குடியிருக்கிறவனுக்கே சொந்தம். அரசாங்கமே ஆனாலும் விலை கொடுத்து, மாற்று இடம் காட்டித்தான் எழுப்ப முடியும். ஆக, நாற்பத்தொரு வீட்டின் கதியும் பழைய கணக்கில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதில் நின்றது.

பஞ்சாயத்து ஆபீஸில் தாசில்தார் விசாரணை வைத்தார். காலனிக்காகப் பேசினவள் பாப்பம்மாள். அறுபது வயது இருக்கும். கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் இட்லி விற்கிறவள். ஷிப்ட் மாறுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் காலை ஆகாரம் அவளிடம்தான். எந்தப் பெண் எந்த ஷிப்ட், யார் ஓ.டி. பார்த்துவிட்டு வருகிறாள், யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். படிப்பு மட்டும் இல்லை.

"சார், வெள்ளக்காரன் காலத்துல எங்க தாத்தா கன்னியப்பன் ரெண்டணா வரி கட்னாரு சார். பொஸ்தகத்துல அவுரு பேரு கீது. எங்கப்பா சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்தாரு. வாங்கறப்ப எண்ணிதானே வாங்கினாங்க?" என்றாள்.

வி.ஏ.ஓ. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். விரித்தான், முழித்தான். "நமக்கு இது படிக்க வராது சார்" என்றான். அப்படியானால் மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்துக்கொள்ளலாம், இரண்டு மாதம் ஆகட்டும் என்றார் தாசில்தார். அப்படி நடந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பாப்பம்மாள்தான் தடுத்தாள். "எதுக்கு சார் மெட்ராஸுக்கு? கணக்கப்புள்ள அய்யா கீறாரு. அவுங்க தாத்தா எழுதனதுதான் சார் அது. அய்யா படிக்கட்டும். அவுரு இன்னா சொல்றாரோ அதுக்கு நாங்க கட்டுப்படறோம்."

அந்த வார்த்தையை அப்படியே எழுதி, நாற்பத்தொரு பேரிடமும் கைரேகை வாங்கினார்கள். என் வீட்டுக்கு ஆள் வந்தது. இருபத்துநாலு வருஷம் கழித்து எனக்கு நாற்காலி போட்டார்கள். மின்விசிறியைக்கூட என் பக்கம் திருப்பிவைத்தார்கள்.

நான் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். கணக்குப் படிக்கிறதற்கு ஒரு ராகம் உண்டு. பெயரை இழுத்துச் சொல்லி, தொகையை வெட்டி நிறுத்த வேண்டும். முப்பத்தைந்தாம் பக்கம் முடிந்தது. இங்கேதான் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும், தம்பி. எச்சில் தொட்டுத் தாள் திருப்புகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. எச்சில் பட்டால் மை கலங்கும். சின்ன வயதில் அதற்காக அப்பா என் விரலில் ஸ்கேலால் அடித்திருக்கிறார். காய்ந்த கட்டைவிரலால் ஓரத்தை மெல்ல வளைத்து, ஒரே ஒரு தாளை மட்டும் தூக்க வேண்டும். அந்தக் கைக்கு இரண்டு தாள் தெரியாமல் சேர்ந்து வராது. நான் இரண்டு தாளைச் சேர்த்துத் தூக்கினேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் கோமுட்டித் தெருவைப் படிக்க ஆரம்பித்தேன்.

கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மூடினேன்.

"முடிஞ்சுதா அய்யா?" என்று பாப்பம்மாள் கேட்டாள்.

"முடிஞ்சது பாப்பம்மா. உங்க ஆளுங்க யாரும் இதுல இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா அய்யா? கன்னியப்பன்னு?"

"நீதான் கேட்டுக்கிட்டே இருந்தியே."

அவள் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கப்பன்தான் சும்மா பெருமைக்குச் சொல்லிகினு இருந்துட்டான் போல" என்றாள். செத்துப்போன தகப்பனை அத்தனை பேர் நடுவில் பொய்யன் ஆக்கினாள், என் வார்த்தையைப் பொய்யாக்க அவளுக்கு மனசு வரவில்லை. மறைப்பானேன், எனக்கு அப்போது மனசு நிறைந்துபோனது. வேலை போனாலும் மரியாதை போகவில்லை என்று தோன்றியது.

ஏன் என்று கேட்கிறீர்கள். தாத்தா அந்தப் பெயர்களை எழுதியது வசூலுக்காக. அவர்களுக்கு நிலம் பாத்தியதை ஆக வேண்டும் என்று எழுதவில்லை. எழுதினவருடைய எண்ணம் எதுவோ, அதைத்தான் நான் காப்பாற்றினேன். இரண்டணாவுக்கு எழுதின பெயரைக் காட்டி இன்று ஏக்கர் கணக்கில் நிலம் கேட்பது என்ன நியாயம்? ஒரு எழுத்தை நான் அழிக்கவில்லை, ஒரு தாளைக் கிழிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். முப்பத்தாறாம் பக்கத்தின் முதல் பெயர் கன்னியப்பன். தெற்கே கிணறு, கிழக்கே புளியமரம் என்று எல்லை போட்டிருக்கிறது. அந்தக் கிணறு இப்போது என் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேனே, அதுதான் அந்த இடம். எழுபதுகளில் அப்பா வேலி போட்டு வளைத்து, எங்கள் பட்டாவில் சேர்த்துக்கொண்டார். இதற்காகத்தான் செய்தேன் என்று உங்கள் ரைட்டர் எழுதப் பார்க்கிறார். எழுத வேண்டாம். அது தற்செயலாக அமைந்தது.

அந்த அறைகளில் எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம். கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள், அறைக்கு ஆறு பேர் வீதம் படுத்துக்கொள்வார்கள். பஞ்சாயத்து வரிக் கணக்கில் அந்தக் கட்டடம் மாட்டுக் கொட்டகை. மாட்டுக் கொட்டகைக்கு வரி இல்லை. அதனால் அங்கே இருக்கிறவர்களுக்கு வாடகைச் சீட்டோ முகவரிக்குக் கையெழுத்தோ நான் கொடுப்பதில்லை. மாட்டுக்கு யார் சீட்டுக் கொடுப்பார்கள்?

அதில் ஒருத்தி முப்பிடாதி. இருபத்திரண்டு வயது. காருக்குள் போகிற வயர்களைக் கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். நிரந்தரம் ஆக்க வேண்டுமானால் இருப்பிடச் சான்று கொண்டா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். விசாரணை நடந்த அன்று, வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து வாங்குவதற்காக அந்த மனுவை வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நான் கவனித்தேன். கவனித்தும் ஒதுக்கிவிட்டேன். வயர் கட்டுகிற பெண்ணுக்குப் பழைய எண் தெரியும் என்று யார் நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைச்சிராதிய. அன்னைக்கு நீங்க படிக்கையில முப்பத்தஞ்சு முடிஞ்சதும் முப்பத்தெட்டுக்குப் போயிட்டிய. ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு வந்துட்டுன்னு நெனைக்கேன்."

உனக்கு அந்த எண் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்க அப்பா வில்லுப்பாட்டு படிக்காவ. பாட்டு நோட்டு பூராவும் அந்த எண்ணுதான் போட்டிருப்பாவ. சின்னப் பிள்ளையில நாந்தான் பக்கத்துல இருந்து தாளு திருப்பிக் குடுப்பேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"அத்தன பேரு முன்னால சொன்னா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா. நீங்களே போய்ச் சொன்னாத்தான மரியாதை. புதன்கிழமை எனக்கு ஆஃபு. வேணும்னா நானும் கூட வாரேன். பாப்பம்மாக்கா கையால நெதம் இட்லி திங்கேன், அவுக வீட்ட இடிச்சா எனக்கு எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்றாள். அவள் பொய் சொல்கிற ஜாதி இல்லை. நல்ல பிள்ளை. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

இந்த வாரம் புதன்கிழமை தாசில்தார் ஊரில் இல்லை, அடுத்த புதன் கட்டாயம் போகலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பினாள். எல்லோரும் கைரேகை வைத்துவிட்டதால் ஆபீஸில் வேலை கிடுகிடுவென்று நடந்தது. அந்தப் புதன்கிழமையே சர்வேயர் கொம்பையா சங்கிலியோடு வந்து காலனியை அளந்தார். அவரும் தெற்கத்திக்காரர். அளந்துவிட்டு என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். "சார், ஒங்க கடைசி ரூமு நாலடி புறம்போக்குல நிக்கி. எழுதாம விட்டுரட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எழுதுங்க. காலனியோட சேர்த்து அதையும் இடிச்சிடட்டும்" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷரா என்று டீக்கடையில் பேசிக்கொண்டாராம்.

இடிக்கிற தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை என்று வி.ஏ.ஓ. சொன்னான். அதற்கு மறுநாள் முப்பிடாதிக்கு ஆஃப்.

அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டேன். "நீ எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்க. ரெண்டாம் நம்பர்ல ஆறு பேர் நெருக்கியடிச்சுக்கிட்டுக் கெடக்கிறீங்க. கடைசி ரூம் காலியா இருக்கு. நீயும் உன் சிநேகிதியும் அங்க போயிடுங்க. வாடகை அதேதான், நல்லாக் காத்து வரும்" என்றேன். அவளும் மாரிசெல்வி என்கிற பெண்ணும் அன்றே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஊரிலிருந்து வந்தது என்று ஒரு கருப்பட்டி வட்டு கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அந்த அறைகளைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. ஆறு கதவுக்குத் தாழ்ப்பாள் என்றால் ஒரு செலவு, நான் வைக்கவில்லை. அதனால் இந்தப் பிள்ளைகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் பகலில் தூங்குவாள். வேலைக்குப் போகிறவள் அவளை உள்ளே வைத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியோடு போய்விடுவாள். கண்டவனும் கதவைத் தள்ளக் கூடாது என்று அப்படி. பூட்டுத் தொங்கினால் அறையில் ஆள் இல்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பூட்டுத் தொங்கினால் உள்ளே ஒருத்தி தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இடிக்க வேண்டிய கட்டடங்களுக்குப் பட்டியல் வேண்டும் என்றார்கள். வி.ஏ.ஓ. என்னைத்தான் கேட்டான். வீட்டிலேயே உட்கார்ந்து அழகாக எழுதிக்கொடுத்தேன். நாற்பத்திரண்டு வரிசை எண். கடைசி வரியில்: மாட்டுக் கொட்டகை, தகரக் கூரை, குடியிருப்போர் இல்லை. பஞ்சாயத்துக் கணக்கோடு ஒத்துப்போகிற மாதிரிதான் எழுதினேன். ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஜே.சி.பி. வந்தது. இரண்டு வேன் போலீஸ். காலனிக்காரர்கள் பானை, கட்டில், ஆடு எல்லாவற்றையும் ரோட்டில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பாப்பம்மாள் அன்றைக்கும் இட்லி ஊற்றியிருந்தாள். மாவு வீணாகிவிடுமாம். ஒவ்வொரு வீடாகத் தள்ளினார்கள். நான் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டு வந்தேன். அழுகைச் சத்தம் எல்லாம் முதல் பத்து வீட்டுக்குத்தான். அப்புறம் ஜனங்களுக்கும் அலுத்துவிட்டது.

பதினொன்றரைக்கு என் கடைசி அறைக்கு வந்தார்கள். பூட்டுத் தொங்கியது.

அப்போது ரோட்டிலிருந்து பாப்பம்மாள் கத்தினாள். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தாள். "சார், நிறுத்து சார், அந்த ரூமுல பொண்ணு தூங்கிகினு கீது. நைட்டு ஷிப்டு சார். காலீல ஏழு மணிக்கு எங்கிட்ட நாலு இட்லி வாங்கிகினு போச்சி. நான் பாத்தேன் சார்." தன் வீடு தரைமட்டமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு ஒரு வார்த்தை பேசாதவள் இதற்கு ஓடி வந்தாள்.

வந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சார் சொல்லுது அந்தம்மா?"

"வேலையை நிறுத்தறதுக்காகச் சொல்றா சார். பூட்டுத் தொங்குது பாருங்க" என்றேன்.

அவர் பூட்டைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். அவர்மேல் தப்பு இல்லை. நான்கூட அவர் இடத்தில் இருந்தால் பட்டியலைத்தான் நம்புவேன். இரண்டு பெண் போலீஸ் பாப்பம்மாளை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க சொல்லுங்க அய்யா, உங்க வூட்டுல குடியிருக்கிற பொண்ணு அய்யா" என்று கத்திக்கொண்டே போனாள். கடைசி வரைக்கும் அய்யா என்றுதான் சொன்னாள்.

வண்டி முன்னால் வந்தது. பிறகு டிரைவர் என்னத்தையோ கேட்டுவிட்டு இன்ஜின் சத்தத்தைக் குறைத்தான். "சார், உள்ள இன்னாமோ தட்ற மாதிரி கீதே" என்றான். அதிகாரி அதற்குள் அடுத்த பக்கம் போய்விட்டார். நான் மட்டும்தான் பக்கத்தில் நின்றேன். "தகரம் காத்துல அடிச்சிக்குது. நீ ஆரம்பி" என்றேன்.

அவ்வளவுதான். தகரக் கூரை, மண்ணும் சிமெண்டும் கலந்த சுவர். மூன்று இடியில் விழுந்தது. நான் நாற்பத்திரண்டாவது வரிக்குக் குறி போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு வத்தக்குழம்பு.

ஐந்தரை மணிக்கு மாரிசெல்வி வேலை முடிந்து வந்தாள். கையில் சாவி வைத்திருந்தாள். கற்குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, ரூமு எங்க? முப்பி உள்ளல்லா தூங்குதா" என்றாள். அந்தச் சாவியை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் பதில் சொல்வதற்குள் பாப்பம்மாள் வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் அவளை விட்டிருந்தார்கள். அவளும் காலனி ஆண்களும்தான் தகரத்தைப் புரட்டிப் போட்டு, வெறுங்கையால் கல்லை எடுத்தார்கள். வீடு இல்லாதவர்கள், வேறு வேலை என்ன? கதவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தாள். இருப்பிடச் சான்று கேட்கிற மனு ஒரு பாலிதீன் பையில் அலமாரியோடு நசுங்கிக் கிடந்தது. அதில் முகவரி எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பாப்பம்மாள் இப்போது ஊர் ஊராகப் போய்ப் புத்தகத்தைத் திரும்பப் படிக்க ஆள் தேடுகிறாளாம். என் மேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு அப்போதுதான் போயிருக்கிறது. தேடட்டும். புத்தகம் ஆபீஸில் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தாறாம் பக்கத்தில் ஒரு பூச்சி அரித்திருக்காது. அந்த ஊரில் என்னைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

இனி அந்தச் சொல். பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள், உங்கள் எஃப்.ஐ.ஆரிலும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். "கட்டட உரிமையாளர், அறையில் ஆள் இருப்பதை அறியாமல், கவனக்குறைவாக." மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பத்தைப் பார்த்து ஒருவரும் சொல்லாத சொல் அது. ஒரு தலையைக்கூட நாங்கள் தெரியாமல் விட்டதில்லை. அன்றைக்கு அந்த அறையில் ஒரு ஆள். பெண். வயது இருபத்திரண்டு. தூங்கி எழுந்து கதவை ஏழு தடவை தட்டினாள். நான் எண்ணினேன்.

எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள், தம்பி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்தக் கவனக்குறைவு என்கிற சொல்லை மட்டும் அடித்துவிடு.